பெர்சிமன் கட்டி குடலை அடைச்சா: கோலாவா, ஸ்கோப்பா, ஆபரேஷனா?

எங்கப்பாவுக்கு 1983ல கோயம்புத்தூர்ல அல்சர் ஆபரேஷன் நடந்துச்சு. அப்பல்லாம் அது ரொம்ப சாதாரணம், நம்ம பக்கம் எழுவது வயசு தாண்டின ஆம்பளைங்க சட்டைய கழட்டினா நெஞ்சுக்குழியிலேருந்து தொப்புள் வரைக்கும் நேரா ஒரு தழும்பு கெடக்கும் பாருங்க, முக்காவாசி இந்த கேஸ்தான். வயித்துக்கு வர்ற வேகஸ் நரம்ப வெட்டி விட்டுட்டு, வயித்தையும் சிறுகுடலையும் நேரா சேத்து ஒரு புது வாசல் வச்சிருவாங்க. அப்புறம் அல்சருக்கு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமின்னு ஆஸ்திரேலியாக்காரங்க ரெண்டு பேர் கண்டுபுடிச்சு (2005ல நோபல் பரிசே குடுத்தாங்க) மாத்திரையில சரியாகுற வியாதியாயிருச்சு, அந்த ஆபரேஷனையும் கிட்டத்தட்ட விட்டுட்டாங்க. ஆனா பண்ணிக்கிட்டவங்க இன்னும் இருக்காங்கல்ல, அவங்களுக்கும் அவங்க பிள்ளைங்களுக்கும்தான் இத எழுதுறேன்.

2023 மழை சீசன்ல பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பை நிறைய பெர்சிமன் கொண்டாந்து குடுத்தாரு. குன்னூர் பழப்பண்ணை பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், தக்காளி மாதிரி ஆரஞ்சு கலர்ல இருக்கும், சரியா பழுக்கலன்னா நாக்கு ஒட்டிக்கிற மாதிரி துவர்க்கும். பண்ணையில கறை, அதாவது அந்த துவர்ப்ப, எடுத்து குடுப்பாங்க, வீட்டு மரத்து பழத்துக்கு யாரு அதெல்லாம் பண்றது. அப்பா தோட்டத்துல ஃபீல்டு வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, அப்ப வயசு 71, சுகர் 20 வருஷமா இருக்கு, பல்செட்டு எப்பவும் டம்ளர்லதான் கெடக்கும். காலையில வெறும் வயித்துல ஒரு நாளைக்கு நாலு அஞ்சுன்னு தோலோட சாப்பிட்டிருக்காரு, ஒரு வாரம். யாரும் கவனிக்கல. பழம்தானே.

இந்தப் பழத்துல இருக்கற துவர்ப்புச் சத்து, அதாவது டானின், வயித்து அமிலத்துல பட்டவுடனே பசை மாதிரி திரண்டு நார் தோல் எல்லாத்தையும் சேத்து இறுக்கிக்கும். சாதாரண வயிறு அத அரைச்சு தள்ளிரும். நரம்பு வெட்டின வயிறு அரைக்காது, சுகர்ல பழுதான வயிறும் அரைக்காது, பல்லு வேற இல்ல, மெல்லவும் இல்ல. அப்படி உருண்டு நிக்கறதுக்குப் பேரு பெசோவார். பாரசீக வார்த்தையாம், விஷமுறிவுன்னு அர்த்தமாம், ஒரு காலத்துல ஆட்டு வயித்துலேருந்து எடுத்த இந்தக் கல்ல ராஜாக்கள் பொக்கிஷமா வச்சிருந்தாங்களாம். நம்ம ஊர்ல மாட்டு பித்தக்கல்ல கோரோசனைன்னு வச்சிருக்க மாதிரிதான். எங்களுக்கு வந்தது விஷமாத்தான் வந்துச்சு.

சிறுகுடல் அடைப்புன்னா பெரும்பாலும் பழைய ஆபரேஷனால வர்ற ஒட்டு, குடலிறக்கம், நம்ம நாட்டுல டி.பி., புத்துநோய்க் கட்டி இதெல்லாம்தான் காரணமா இருக்கும். பெசோவாரால வர்றது நூத்துக்கு நாலு பேருக்கும் கம்மிதான், பல கணக்குல ஒண்ணு கூட வராது. அதனால டாக்டருக்கே சட்டுன்னு தோணாது. நாங்க முதல்ல கூட்டிட்டுப்போன இடத்துல ஒன்றரை நாள் கேஸ் ட்ரபிள், கேஸ் ட்ரபிள்னு ஊசி போட்டுட்டு இருந்தாங்க, வயிறு பானை மாதிரி ஊதிருச்சு, காத்து பிரியல, மோஷன் இல்ல, வாந்தி பச்சை கலர்லேருந்து பழுப்புக்கு மாறி நாத்தமடிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் சி.டி. ஸ்கேன் எடுக்கலாம்னாங்க. பேரு சொல்ல விரும்பல. வயித்துல பழைய தழும்பு இருக்கற ஆளுக்கு மோஷனும் காத்தும் நின்னு வாந்தி வந்தா அன்னைக்கே சி.டி. கேளுங்க, அது மட்டும் மறந்துராதீங்க.

சி.டி.யில ரெண்டு கட்டி. ஒண்ணு சிறுகுடல் கடைசிப்பகுதியில, பெருங்குடலுக்கு அரை மீட்டருக்கு கொஞ்சம் மேல, அங்கதான் குடல் குறுகலா இருக்கறதால பொதுவா இது போய் மாட்டிக்குமாம். படத்துல பாத்தா உருண்டையா, உள்ள புள்ளி புள்ளியா காத்தோட, மலம் மாதிரியே தெரிஞ்சுது, அதுக்கு மேல குடல் பூரா ஊதியும் கீழ சுருங்கியும். இன்னொரு கட்டி வயித்துக்குள்ளயே. இந்த ரெண்டாவதுதான் எங்க கதையில முக்கியம், அப்புறம் வர்றேன்.

இப்ப வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மாமா கோலா குடுன்னாரு. அக்கா கோயம்புத்தூர் கொண்டுபோய் ஸ்கோப் போட்டு எடுத்துரலாம், கத்தி வேணாம்னா. சித்தப்பா ரெண்டு நாள் பாப்போம், டிரிப்ஸ்ல தானா எறங்கிரும், போன வருஷம் அவரு சம்பந்திக்கு அப்படித்தான் எறங்குச்சுன்னாரு. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், ஓபன் பண்ணிரலாம் சார்னு சொல்றாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் ஊருக்கு வந்து உக்காந்து படிச்சு, ரெண்டு சர்ஜன்கிட்ட கேட்டு தெளிஞ்சதத்தான் வரிசையா சொல்றேன். இதுல எது நல்லதுன்னு பொதுவா கேட்டா பதிலே கெடையாது. கட்டி எங்க நிக்குதுன்றதுலதான் எல்லாம் இருக்கு, வயித்துல நின்னா உங்களுக்கு டைம் இருக்கு, குடல்ல போய் மாட்டிருச்சுன்னா இல்ல.

கோலாவுலேருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா எல்லாரும் சிரிக்கறது அதுக்குத்தான். சிரிக்கற விஷயம் இல்ல. 2002ல கிரீஸ் நாட்டு டாக்டருங்க மூக்கு டியூப் வழியா 12 மணி நேரத்துல 3 லிட்டர் கொக்கோ கோலா விட்டு வயித்துல இருந்த கட்டிய கரைச்சாங்க. கோலாவுல அமிலம் ஜாஸ்தி, வயித்து அமிலத்துக்குக் கிட்ட வரும், அதோட குமிழி உள்ள பூந்து நார இளக்குதுன்னு சொல்றாங்க. 2013ல அதே குரூப்பு அதுவரைக்கும் வந்த 46 கேஸை சேத்துப் பாத்தாங்க, கோலா மட்டும் குடுத்து பாதி பேருக்கு கரைஞ்சிருக்கு, கோலா குடுத்து இளக்கிட்டு ஸ்கோப்புல உடைச்சு எடுத்தவங்களையும் சேத்தா பத்துக்கு ஒம்பது பேருக்கு மேல ஆபரேஷன் இல்லாம சரியாயிருக்கு. கேக்க ஜோரா இருக்குல்ல? ஆனா அதே கணக்குல பெர்சிமன் கட்டிய தனியா பிரிச்சுப் பாத்தா விஷயம் வேற. மத்த காய்கறி நார் கட்டிங்க முதல்ல குடுத்த கோலாவுக்கே 60 சதவீதம் கரைஞ்சிருக்கு, பெர்சிமன் கட்டி 23 சதவீதம்தான். எல்லா கட்டியும் ஒரே கட்டி இல்ல, டானின் சேந்தது கல்லு மாதிரி. அதனால என்ன சாப்பிட்டாருன்னு டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களே சொல்லிருங்க. நாங்க சொல்லல, ஏன்னா எங்களுக்கே பழம்னு தோணல. ஸ்கேன் பாத்த டாக்டர் போன் பண்ணி "என்ன சாப்பிட்டாரு சமீபத்துல, பழம் ஏதாவது?"ன்னு கேட்டப்பதான் அம்மா "அய்யோ அந்த பெர்சிமன்"னாங்க.

மாமா பண்ணது என்னன்னா, வார்டுக்குள்ள ஒரு பாட்டில கொண்டாந்து யாருக்கும் தெரியாம அப்பாவுக்கு ரெண்டு கிளாஸ் குடுத்துட்டாரு. அவருக்கு குடல் அடைச்சிருக்கு, மேல போட்டா எங்க போகும்? பத்து நிமிஷத்துல பொங்கி வாந்தியா வந்துச்சு, கொஞ்சம் நெஞ்சுக்குள்ள போயி இருமி இருமி மூச்சு வாங்கிருச்சு. அடைப்பு இருக்கறவருக்கு வாய் வழியா எதுவுமே குடுக்கக்கூடாது, கோலாவும் கூடாது, பப்பாளியும் கூடாது (பப்பாளில இருக்கற பப்பைன் கட்டிய கரைக்கும்னு ஒரு அத்தை, அந்த பப்பைன மருந்தாவே குடுத்த காலமும் உண்டு, வயித்துல புண்ணு வருதுன்னு குறைச்சுட்டாங்க). வயித்துல மட்டும் கட்டி, கீழ அடைப்பு இல்ல, ஆளு நல்லா இருக்காரு, ஆஸ்பத்திரியில பெட்டுல இருக்காருன்னா கோலாவ முதல்ல கேக்கறதுல தப்பே இல்ல, சுகர் இருந்தா சுகர் இல்லாத கோலாவும் குடுத்துப் பாத்திருக்காங்க. ஆனா பாதி கரைஞ்ச துண்டு வயித்துலேருந்து நழுவி குடல்ல போய் மாட்டலாம், அப்படி ஆனவங்க இருக்காங்க. அதனால வீட்டுல உக்காந்து பண்ற வைத்தியம் கெடையாது இது. அதுலயும் மலையில, ராத்திரியில, மழையில.

ஸ்கோப்ப பத்தி சுருக்கமா. வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு கம்பி வளையத்தாலயும் பாஸ்கெட்டாலயும் கட்டிய உடைச்சு எடுக்கறது. வயித்துல இருக்கற கட்டிக்கு நல்ல வழி, தழும்பு இல்ல, சீக்கிரம் வீட்டுக்கு வந்துரலாம். பெர்சிமன்னா ஒரே தடவையில முடியாது, ரெண்டு மூணு தடவை போடுவாங்க. சிறுகுடல் கடைசில நிக்கற கட்டிக்கு சாதாரண ஸ்கோப் எட்டவே எட்டாது. அக்கா சொன்னது தப்புன்னு இல்ல, ஒரு கட்டிக்கு சரி, இன்னொண்ணுக்கு ஆகாது.

சித்தப்பா சொன்ன "ரெண்டு நாள் பாப்போம்"தான் இதுல ரொம்ப ஆபத்தானது, ஏன்னா அது பாதி சரி. பழைய ஆபரேஷனால குடல் ஒட்டி அடைச்சிருந்தா காத்திருக்கறதுதான் முறையே. மூக்கு வழியா வயித்துக்கு ரைல்ஸ் டியூப் போட்டு வயித்த காலி பண்ணி, டிரிப்ஸ் ஏத்தி, பொட்டாசியம் சரி பண்ணி, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லன்னா 72 மணி நேரம் வரைக்கும் பாக்கலாம்னு பொலோனா வழிகாட்டுதல்னு சர்ஜன்கள் எல்லாம் எடுத்துக்கற ஒண்ணுல இருக்கு, நிறைய பேருக்கு தானா விட்டுரும். சித்தப்பா சம்பந்திக்கு விட்டது அதுதான். ஆனா ஒட்டுன்றது ஒரு மடிப்பு, வீக்கம் வத்தினா விடும். பெர்சிமன் கட்டி உள்ள நிக்கற கல்லு, டிரிப்ஸ் போட்டா அது சின்னதாகாது. எங்கயோ ஒருத்தருக்கு நழுவி வெளிய வரலாம், அத நம்பி உக்காரக்கூடாது. அது நிக்கற இடத்துல குடல் சுவத்த அழுத்தி அழுத்தி ரத்த ஓட்டம் நின்னு கருத்துப்போச்சுன்னா, அப்புறம் கட்டிய எடுக்கற ஆபரேஷன் போய் குடலையே வெட்டி எடுக்கற ஆபரேஷன் ஆயிரும். வலி விட்டு விட்டு வந்தது விடாம வர ஆரம்பிச்சா, காய்ச்சல், நாடி வேகம், வயித்த தொட்டா பலகை மாதிரி இறுகல், மூத்திரம் குறையறது, இதுல எது வந்தாலும் பாக்கலாம்ன்ற பேச்சே இல்ல. இத தெரிஞ்சிக்கத்தான் சி.டி.யே. ஒட்டா கட்டியான்னு தெரியாம காத்திருக்கறது இருட்டுல காத்திருக்கறது.

சரி, ஆபரேஷன்னு முடிவாச்சு. எங்க? சமவெளியில இருக்கறவங்களுக்கு இந்தக் கேள்வியோட எடை புரியாது. குன்னூர்லேருந்து மேட்டுப்பாளையம் 30 சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா அது மலைப்பாதை, ஐப்பசி கார்த்திகையில மரம் விழும், மண்ணு சரியும், பனிமூட்டத்துல அஞ்சடி தெரியாது. 2009 நவம்பர்ல நீலகிரியில மண்சரிவுல எத்தனை பேரு போனாங்கன்னு இங்க இருக்கற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு பர்லியார் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைச்சிருந்துச்சு, கோத்தகிரி சுத்தித்தான் எறங்கணும்.

இங்கயே ஓபன் பண்ணிக்கறதா, கீழ போறதா. இங்க சர்ஜன் இருந்தாரு, ஆபரேஷன் பண்ணவும் தயாரா இருந்தாரு, நல்ல மனுஷன், அவரே சொன்னாரு: "தம்பி, என்னால திறந்து எடுக்க முடியும். ஆனா அப்பாவுக்கு சுகர், வயசு, நெஞ்சுல கொஞ்சம் வாந்தி போயிருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் ஐ.சி.யு. தேவைப்படும், வென்டிலேட்டர் பெட்டு காலியில்ல. அத யோசிச்சு முடிவு பண்ணுங்க." இது மாதிரி நேரா சொல்ற டாக்டர் கெடைச்சா கால்ல விழலாம். வயிறு மெத்துன்னு இருக்கு, காய்ச்சல் இல்ல, பி.பி. நல்லா இருக்குன்றதால கீழ போனோம். வயிறு இறுகியிருந்தா அவரயே திறக்கச் சொல்லியிருப்பேன், ஐ.சி.யு. இல்லன்னாலும் பரவாயில்லன்னு, ஏன்னா செத்துப்போன குடலோட மூணு மணி நேரம் வளைவுல எறங்கறது அதவிட மோசம்.

எறங்கறதா இருந்தா சில விஷயம். ரைல்ஸ் டியூப் போடாம வண்டியில ஏத்தாதீங்க. வளைவுல தலை சுத்தி வாந்தி வரும், படுத்திருக்கறவரு வாந்தி நேரா நுரையீரலுக்குத்தான் போகும். டியூப் போட்டு பைய திறந்து வச்சு, தலைப்பக்கம் தூக்கி, டிரிப்ஸ் ஓட, 108லயோ வேற ஆம்புலன்ஸ்லயோ டெக்னீஷியனோட போங்க. சி.டி. ஃபிலிம் மட்டும் போதாது, சி.டி.ய டிஸ்க்குல கேட்டு வாங்குங்க, இல்லன்னா கீழ போய் மறுபடி எடுப்பாங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரி சர்ஜன் கிட்ட இங்கிருக்கறவர பேச வச்சிருங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கூட எடுத்துக்கோங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும், வருமான வரம்பு 1,20,000, ஆனா எல்லா ஆஸ்பத்திரியிலயும் எல்லா ஆபரேஷனும் அதுல வராது, காப்பீட்டு கவுண்டர்ல முதல்ல கேட்டுருங்க, அட்மிஷன் போட்டு பணம் கட்டினதுக்கு அப்புறம் கேட்டா கஷ்டம். 2025 ஏப்ரல்ல ஊட்டியில 700 படுக்கையோட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்துட்டாங்க, குன்னூர்லேருந்து மேல ஏறினா இருவது கிலோமீட்டருக்குள்ள. அப்பாவுக்கு நடந்தப்ப அது இல்ல. இன்னைக்கு அதே நிலைமைன்னா நான் முதல்ல அங்க போன் பண்ணி ஐ.சி.யு. பெட்டு கேட்டிருப்பேன், மழை ராத்திரியில எறங்கறதுக்கு முன்னாடி.

கீழ போனதும் அடுத்த கேள்வி, லேப்ராஸ்கோப்பியா, ஓபனா. சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்றது கேக்க சொகமா இருக்கும், ஆஸ்பத்திரி நாள் குறையும், காயத்துல சீழ் பிடிக்கறது குறையும், வயசானவருக்கு வலி கம்மியா இருந்தா இருமி சளிய வெளிய துப்புவாரு, நிமோனியா வராது. ஹாங்காங்குல 2005ல பெசோவார் கேஸ்லயே லேப்ராஸ்கோப்பியையும் ஓபனையும் ஒப்பிட்டுப் பாத்து லேப்ராஸ்கோப்பிக்குத்தான் சாதகமா எழுதியிருக்காங்க. ஆனா அது கம்மி பேர வச்சு பண்ண கணக்கு, அதோட யாருக்கு எதுன்னு சீட்டு குலுக்கிப் போட்டது இல்ல. கேமராவுல பண்றவங்களுக்கு வயிறு அவ்ளோ ஊதாத ஆளாத்தான் எடுத்துக்குவாங்க, மோசமான கேஸ் ஓபனுக்குப் போயிரும், அப்ப கேமரா நல்லாத்தான் தெரியும். ஊதின குடல் காகிதம் மாதிரி மெலிசு, கருவியால புடிச்சா கிழிஞ்சிரும், அது கிழிஞ்சு மலம் வயித்துக்குள்ள கொட்டினா எல்லா லாபமும் போச்சு. எங்கப்பாவுக்கு 1983 தழும்புக்குக் கீழ என்னென்ன ஒட்டிக்கிட்டிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

சர்ஜன் சொன்ன வழி எனக்குப் புடிச்சது. முதல்ல தொப்புளுக்குப் பக்கத்துல ஒதுக்கமா கேமரா விட்டுப் பாப்பேன், இடம் இருந்தா கட்டி எங்கன்னு கண்டுபுடிச்சு அதுக்கு நேரா சின்னதா ஒரு வெட்டு போட்டு அந்தக் குடல மட்டும் வெளிய இழுத்து பண்ணுவேன், இடம் இல்லன்னா தயங்காம திறந்துருவேன், திறந்தா அத தோல்வின்னு நினைக்காதீங்கன்னாரு. அப்படித்தான் ஆச்சு, கேமரா போட்ட இருவதாவது நிமிஷம் நிறைய ஒட்டு இருக்குன்னு திறந்துட்டாரு. முழு லேப்ராஸ்கோப்பின்னு விளம்பரம் பண்றவர விட இப்படி சொல்றவர நம்பலாம்ன்றது என் கருத்து.

திறந்ததுக்கு அப்புறம் உள்ள என்ன பண்ணுவாங்கன்றது குடும்பத்துக்கிட்ட கேக்க மாட்டாங்க, அது சர்ஜன் முடிவு, ஆனா தெரிஞ்சிக்கிட்டா கையெழுத்து போடறப்ப பயம் குறையும். மூணு வழி. ஒண்ணு, குடல வெட்டவே வெட்டாம கட்டிய வெளியிலேருந்து விரலால பிசைஞ்சு உடைச்சு, பால் கறக்கற மாதிரி மெல்ல தள்ளி பெருங்குடல் வரைக்கும் கொண்டு போய் விட்டுர்றது. அங்க போயிட்டா அகலம் ஜாஸ்தி, தானா மோஷன்ல வந்துரும். இதுதான் இருக்கறதுலயே நல்லது, குடல் திறக்கல, தையல் இல்ல, கசியற பயமும் இல்ல. ஆனா கட்டி மெத்துன்னு இருக்கணும், ஆரஞ்சு சக்கை கட்டின்னா பெரும்பாலும் உடையும், பெர்சிமன் உடையறது அதிர்ஷ்டம். உடையாதத பலமா பிசைஞ்சா குடல் சுவரே நைஞ்சிரும்.

ரெண்டாவது, கட்டிய கொஞ்சம் மேல நல்ல குடலுக்குத் தள்ளி, அங்க நீளவாக்குல கீறி எடுத்துட்டு குறுக்குவாக்குல தைக்கறது, குறுக்கா தைச்சா குழாய் சுருங்காது. கட்டி நின்ன இடத்துலயே கீறக்கூடாது, அந்த சுவர் ஏற்கனவே அடிபட்டிருக்கும், தையல் நிக்காது. மூணாவது, குடல் கருத்துட்டா அந்த அளவுக்கு வெட்டி எடுத்துட்டு சேத்து தைக்கறது, ஆளு ரொம்ப மோசமா இருந்தா வெளிய பை வைக்கறது. இந்த மூணாவதுக்கு போறவங்கதான் ரொம்ப நாள் கெடப்பாங்க, அவங்கள்லதான் தவறிப்போறவங்களும் ஜாஸ்தி. அங்க கொண்டு போறது பெரும்பாலும் வியாதி இல்ல, தாமதம். அப்பாவுக்கு பிசைஞ்சு பாத்திருக்காங்க, கல்லு, நகரல. ரெண்டாவது வழியில எடுத்தாங்க. வெளிய கொண்டாந்து ஒரு ட்ரேல வச்சு காமிச்சாங்க, பெரிய எலுமிச்சங்கா சைஸுக்கு கரும்பச்சையா இருந்துச்சு, ஓரத்துல பழத்தோல் சுருண்டு இருந்தது தெளிவா தெரிஞ்சுது.

இப்ப அந்த வயித்துக்குள்ள இருந்த ரெண்டாவது கட்டி. குடல் கட்டியோட வர்றவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு வயித்துலயும் ஒண்ணு இருக்கும், அதனால சர்ஜன் வயித்தையும் குடல் பூராவையும் கையால தடவிப் பாக்கணும், பாக்காம மூடிட்டா ரெண்டு வாரத்துல அடுத்தது எறங்கி அதே இடத்துல வந்து நிக்கும். எங்க முன்னாடி ரெண்டு சாய்ஸ் இருந்துச்சு. கீழ இருக்கறத மட்டும் எடுத்துட்டு மேல இருக்கறத பத்து நாள் கழிச்சு ஸ்கோப்பாலயும் கோலாவாலயும் பாத்துக்கறது, இல்ல அதே மயக்கத்துல வயித்தையும் சின்னதா திறந்து எடுத்துர்றது. முதல் வழியில இன்னைக்கு ஆபரேஷன் சின்னது. ஆனா அந்த பத்து நாள்ல கட்டி நழுவிச்சுன்னா புதுத் தையல் மேல போய் முட்டும், அதுவும் பைலோரஸ, அதாவது வயித்தோட இயற்கையான குறுகல் வாசல, தாண்டி போற புது வாசல் உள்ள ஆளு, பெரிய துண்டும் ஈசியா எறங்கிரும். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு பட்டுச்சு, அக்கா அழுதா, இன்னொரு வெட்டான்னு. அம்மாதான் "ஒரே தடவையா முடிச்சிருங்க டாக்டர், மறுபடி இந்த ரோட்டுல கொண்டுவர என்னால ஆகாது"ன்னாங்க. எடுத்துட்டாங்க. மயக்கம் தாங்கற நிலைமையில ஆளு இல்லன்னா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன், அங்க ஸ்கோப்புக்கு விட்டுரலாம்.

பலன் எப்படின்னா, நல்லபடியா வந்துட்டாரு, ஆனா பூப்போல இல்ல. காயத்துல நாலாவது நாள் சீழ் பிடிச்சுது, ரெண்டு தையல் பிரிச்சு விட்டு தினம் கட்டு மாத்தினாங்க, ஓபன்ல, சுகர் உள்ள ஆளுக்கு இது எதிர்பாக்க வேண்டியதுதான். காத்து பிரிஞ்சது அஞ்சாவது நாள். அன்னைக்கு நர்ஸம்மா சொல்லி வார்டே சிரிச்சுது. மொத்தம் 11 நாள். தையல் போட்ட இடத்துல பின்னாடி குடலிறக்கம் வரலாம்னு பெல்ட் போடச் சொன்னாங்க, அதுவும் டம்ளர் பக்கத்துல தொங்குது.

திரும்ப வருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. வரும், பழைய கணக்கு ஒண்ணுல நூத்துக்கு 14 பேர் கிட்ட மறுபடி வந்திருக்கு, ஏன்னா வயிறு மாறல. எந்த வழியில எடுத்தாலும் இந்த இடத்துல எல்லாரும் ஒண்ணுதான், கோலாவுல கரைச்சவருக்கும் வெட்டி எடுத்தவருக்கும். பெர்சிமன் அறவே கூடாது, பழுத்ததோ காயோ கறை எடுத்ததோ. ஆரஞ்சு, கொழுஞ்சி சாப்பிட்டா வெள்ளை நாரும் தோலும் நீக்கி சாறா, செலரி மாதிரி நார்க் காய், வாழைத்தண்டு பச்சையா, தேங்கா கீத்து, இதெல்லாம் வேணாம். வெறும் வயித்துல பழம் வேணாம். தண்ணி நிறைய. சுகர கட்டுக்குள்ள வைக்கணும், சுகர் ஏறினா வயிறு இன்னும் மந்தம். வயித்த நகத்தற மாத்திரை வேணுமான்றத டாக்டர் கிட்டயே கேளுங்க, நடுக்கம் மாதிரி பக்க விளைவு இருக்கு. எல்லாத்துக்கும் மேல பல்லு. பழைய செட்டு ஈறு சுருங்கி லூசாகி வலிச்சிருக்கு, அதனாலதான் போடாம இருந்திருக்காரு, யாருமே கேக்கல. புது செட்டு பண்ணி இப்ப சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போடறாரு.

போன சீசன்ல பக்கத்து வீட்டு அண்ணன் மறுபடி பையோட வந்தாரு. வாசல்லயே நிறுத்திட்டேன், வாங்கி உள்ள வைக்கல. அப்பா திண்ணையில உக்காந்து பாத்துட்டு, "ஒண்ணே ஒண்ணு, தோல் சீவி"ன்னாரு. அம்மா உள்ளேருந்து அந்த ட்ரேல வச்சு எடுத்த போட்டோவ போன்ல தேடிக் கொண்டாந்து காமிச்சாங்க.